பாலைவனத்தில் எடுத்த பல்: திரும்ப வைத்துவிடலாமா?

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். காணாமல்போனவர்களின் பட்டியலையும், அடையாளம் தெரியாமல் கிடைத்த உடல்களின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் சில வருடங்களாகப் பழக்கம். வார இறுதிகளில் மொஹாவி பாலைவனத்தில் நடக்கவும் போவோம். போன மாதம் சான் பெர்னார்டினோ மாவட்டத்தில், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான ஓர் இடத்தில், வறண்ட ஓடையின் கரையில் ஒரு மனிதத் தாடை எலும்பையும் பூட்ஸின் அடிப்பாகத்தையும் பார்த்தோம். கடைவாய்ப் பல் ஒன்றில் வெள்ளி நிற அடைப்பு இருந்தது. அந்தப் பல் ஆடிக்கொண்டிருந்ததால் நண்பர் ஒருவர் அதை மட்டும் கழற்றி, ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தனியார் ஆய்வகத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம் என்பது அவர் எண்ணம். இன்னொருவர், காணாமல்போன ஒருவருடைய விவரம் பொருந்துகிறது என்று அவருடைய அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். படத்தையும் இணையத்தில் போட்டு, 'தொழில் கூட்டாளிதான் கொன்றிருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். போலீஸிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. பல்லைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிடலாமா? சொன்னால் என் விசாவுக்கு ஆபத்து வருமா? கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்பது பதிவாகுமா?

பதில்: வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

எடுத்தது ஒரு தவறு. திரும்ப வைத்தால் அது வேறு வகையான செயலாகிவிடும். இப்போதைக்கு உங்கள் நண்பர் ஆர்வக்கோளாறில் ஒரு பல்லை எடுத்தவர், அவ்வளவுதான். ஓசைப்படாமல் திரும்பிப் போய் வைத்தால், நடந்ததை மறைக்க முயன்றவர் ஆகிவிடுவார். விசாரணைக்கு வரப்போகும் பொருளை, அது வராமல் தடுக்கும் நோக்கத்தோடு மறைப்பதோ அழிப்பதோ கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவில் எல்லாமே நோக்கத்தைப் பொறுத்தது. இன்றுவரை உங்கள் பக்கம் அந்த நோக்கம் இல்லை. அதை நீங்களாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

எடுத்ததற்கு வருகிறேன். கல்லறைத் தோட்டம் அல்லாத எந்த இடத்திலிருந்தும், சட்ட அதிகாரம் இல்லாமல், தெரிந்தே மனித எச்சத்தை அகற்றுவது சுகாதார மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 7050.5ஆம் பிரிவின்படி சிறு குற்றம். ஒரு பல்லும் எச்சம்தான். மரணங்களை விசாரிக்கும் மாவட்ட அதிகாரியான கரோனரின் அனுமதியின்றி உடலைக் கிடந்த நிலையிலிருந்து அசைக்கக் கூடாது என்று அரசாங்கச் சட்டத்தின் 27491.2ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. தனித் தண்டனை குறிப்பிடப்படாத சிறு குற்றத்துக்குக் கலிஃபோர்னியாவில் அதிகபட்சம் 6 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும். தானாக முன்வந்து ஒப்படைத்தவர்மேல் அந்த அளவுக்கு யாரும் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது என் கணிப்புதானே தவிர, உத்தரவாதம் அல்ல.

சொல்லாமல் இருக்கலாமா என்று உங்கள் கடிதத்தில் நேரடியாகக் கேள்வி இல்லை. ஆனால் வரிகளுக்கு இடையில் இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியாது. சந்தேகத்துக்குரிய மரணமோ, மருத்துவர் கவனிப்பில்லாமல் நேர்ந்த மரணமோ தெரியவந்தால் கரோனருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது சுகாதாரச் சட்டத்தின் 102850ஆம் பிரிவு. மருத்துவர், ஈமச்சடங்கு நிலையத்தார் என்று வரிசையாகச் சொல்லி, 'அல்லது வேறு எவரும்' என்று முடிக்கிறது. அந்த 'எவரும்' நீங்கள் மூவர்தான். மத்திய அரசு நிலமாயிற்றே, யாரிடம் சொல்வது என்று குழம்ப வேண்டாம். மரணம் எப்படி நேர்ந்தது என்று விசாரிப்பது மாவட்டக் கரோனரின் வேலை. சான் பெர்னார்டினோவில் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப்பும் கரோனரும் ஒரே அலுவலகம். ஓர் அழைப்பு போதும்.

இனி அந்தப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் எடுத்தது எது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

தாடையில் எத்தனையோ பற்கள் இருந்திருக்கும். அவர் கழற்றியது அடைப்பு வைத்த பல். காணாமல்போன ஒருவர் உயிரோடு இருந்தபோது எடுத்த பல் எக்ஸ்ரேயோடு ஒப்பிடும்போது நிபுணர் முதலில் தேடுவது அதைத்தான்: அடைப்பின் விளிம்பு எப்படி வளைகிறது, வேர் எந்தப் பக்கம் சாய்கிறது, பக்கத்துப் பல்லோடு எவ்வளவு இடைவெளி. ஒரே அடைப்பு இருவருக்கு ஒரே வடிவில் அமைவது அரிது. அந்தப் பல் தாடையில் இருந்தபடியே எக்ஸ்ரே எடுத்திருந்தால் டிஎன்ஏ வரை போகாமலே அடையாளம் தெரிந்திருக்கலாம். இப்போது அங்கே இருப்பது ஒரு வெற்றுக் குழி. பல் இறப்பதற்கு முன் விழுந்ததா, பின் விழுந்ததா, யாராவது பிடுங்கினார்களா என்ற கேள்விக்கெல்லாம் இனி உங்கள் நண்பரின் வாக்குமூலம்தான் விடை.

தனியார் ஆய்வக யோசனையை இன்றோடு கைவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் மரபணுப் பெட்டிகள் எச்சிலுக்கோ கன்னத்தின் உட்பக்கத் துடைப்புக்கோ ஆனவை. பல்லிலிருந்தும் எலும்பிலிருந்தும் மரபணு எடுக்க அதைத் துளைத்துப் பொடியாக்க வேண்டும்; பரிசோதனையிலேயே மாதிரி கரைந்துபோகும். ஒருமுறை வீணானால் இன்னொரு முறை கிடையாது. இந்த வேலையில் பெயர்பெற்ற டெக்சாஸின் ஒத்ரம் ஆய்வகமும், 2017-ல் தொடங்கிய டிஎன்ஏ டோ புராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பும் கரோனர், காவல்துறை போன்ற அமைப்புகள் வழியாக வரும் வழக்குகளைத்தான் எடுக்கின்றன. அஞ்சலில் ஒரு பல் வந்து விழுந்தால் அவர்களும் முதலில் ஷெரிஃப்பைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் வக்கீல் என்பதால் எனக்கும் அனுப்பிவிடாதீர்கள். வக்கீலிடம் கொடுத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1981-ல் மெரெடித் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: சாட்சியப் பொருளை வக்கீல் அதன் இடத்திலிருந்து எடுத்துவிட்டால், அது எங்கே இருந்தது என்பதற்குக் கட்சிக்காரர் ரகசியம் என்ற பாதுகாப்பு போய்விடும். பொருளையும் அவர் வைத்துக்கொள்ள முடியாது. வக்கீல் செய்யக்கூடியது, கரோனர் அலுவலகத்தை அழைத்து 'என் கட்சிக்காரரிடம் இது இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது. அதுவரை பையைத் திறக்க வேண்டாம், கழுவ வேண்டாம், புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் வைக்க வேண்டாம். எப்போது எடுத்தார், எங்கே வைத்திருந்தார், யார் யார் தொட்டார்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, அதை வக்கீலிடம் மட்டும் கொடுக்கட்டும்.

மூவருக்கும் ஒரே வக்கீல் கூடாது. பல் எடுத்தவர், எழுதியவர், பார்த்தவர் என்று உங்கள் நிலைமை மூன்று விதம். ஒருவருக்கு நல்லதாகும் வார்த்தை இன்னொருவருக்குக் கெடுதலாகலாம். நண்பர்களுக்குள் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் விசா. நீங்கள் பல்லைத் தொடவில்லை, எழுதவும் இல்லை. உங்கள்மேல் இருப்பது தாமதம் மட்டும். கிரீன் கார்டு படிவத்தில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்று கேட்பார்கள். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பயம் நியாயமானது. ஆனால் பயந்து பொய் சொன்னால்தான் உண்மையான ஆபத்து. மத்திய அரசு அதிகாரியிடம் வழக்குக்கு முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கச் சட்டத்தில் 5 ஆண்டுவரை சிறை தரக்கூடிய பெருங்குற்றம். அது நில மேலாண்மைத் துறையின் ரேஞ்சர் வழியில் நின்று கேட்கும் சாதாரணக் கேள்விக்கும் பொருந்தும். வக்கீல் இல்லாமல் பேசமாட்டேன் என்று மௌனமாக இருக்கலாம். 'நாங்கள் எதையும் தொடவில்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது.

இணையப் பதிவுதான் எனக்கு இதில் மிகவும் கவலை தருவது. ஓர் உயிருள்ள மனிதரைக் கொலைகாரர் என்று எழுதியாயிற்று. தாடை யாருடையது என்றே தெரியாது, இறந்தது வெயிலாலா, தாகத்தாலா, விழுந்தா என்றும் தெரியாது. 'இருக்க வேண்டும்' என்ற வால் காப்பாற்றாது. 2022-ல் ஐடஹோவில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டபோது ஒரு பேராசிரியைமேல் பழி சுமத்திக் காணொளி போட்ட ஒருவர்மேல் அவதூறு வழக்கு வந்தது. 2024-ல் நீதிபதி அந்தப் பேராசிரியைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். கலிஃபோர்னியாவில் அவதூறு வழக்குப் போட ஓராண்டு அவகாசம் உண்டு. பதிவைப் பொதுப் பார்வையிலிருந்து உடனே மறைக்கட்டும். ஆனால் அழிக்கக் கூடாது. மூலப் படங்களில் நேரமும் ஜிபிஎஸ் குறிப்பும் இருக்கின்றன. கரோனருக்கு அவை தேவை. படத்தை மறைக்க இன்னொரு காரணமும் உண்டு: இடம் தெரிந்தால் வார இறுதியில் பத்து ஜீப்புகள் அங்கே போய் நிற்கும்.

இடம் அவ்வளவு முக்கியமா? பாலைவனத்தில் எலும்பு கிடக்கும் இடம் பல நேரம் ஆள் இறந்த இடமாக இருக்காது. கயோட்டிகள் (ஓநாய் இன விலங்குகள்) இழுத்துப்போகும், திடீர் வெள்ளம் ஓடையோடு உருட்டிவரும். தேடுபவர்கள் தாடை கிடந்த புள்ளியிலிருந்து ஓடையின் மேல்திசையில் நடந்து மீதியைத் தேடுவார்கள். பூட்ஸ் எந்தப் பக்கம் கிடந்தது, தாடை மணலில் பாதி புதைந்திருந்ததா, மேலே கிடந்ததா என்பதெல்லாம் உங்கள் படங்களில்தான் இருக்கிறது. சுருக்காத மூலக் கோப்புகளைக் கொடுங்கள். அன்றைய ஜிபிஎஸ் தடம் கைபேசியில் இருந்தால் அதையும் கொடுங்கள்.

அடைப்பு வைத்த பல் என்பதால் இது தொல்குடியினரின் பழைய கல்லறையாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்படி இருந்தால் கரோனர் 24 மணி நேரத்துக்குள் மாநிலப் பூர்வகுடி மரபு ஆணையத்துக்குத் தெரிவிப்பார். அதைத் தீர்மானிப்பதும் அவர் வேலை.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் பழக்கத்தையே விட்டுவிடுவீர்களோ என்று எனக்கு ஒரு கவலை. விட வேண்டாம். கென்டக்கியில் 1968-ல் கிடைத்த ஒரு பெண்ணின் உடலுக்கு 1998-ல் பெயர் கிடைத்தது, அதைக் கண்டெடுத்தவரின் மருமகன் இணையத்தில் இரவு இரவாகத் தேடியதால். மரணப் பள்ளத்தாக்கில் 1996-ல் காணாமல்போன நான்கு ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகளின் வேன் சில மாதங்களில் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. 2009-ல் டாம் மஹூட் என்ற தன்னார்வ மீட்புப் பணியாளர், அவர்கள் தெற்கே கடற்படைத் தளத்தை நோக்கி நடந்திருப்பார்கள், ராணுவத் தளம் என்றால் காவல் இருக்கும் என்று நம்பியிருப்பார்கள் என யோசித்து, அந்தத் திசையில் போய் எலும்புகளைக் கண்டார். கண்டதும் இன்யோ மாவட்ட ஷெரிஃப்புக்குச் சொன்னார். உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி வாக்கியம்தான்.

இனிமேல் பொருத்தம் ஏதாவது கண்ணில் பட்டால், காணாமல்போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் பதிவு செய்யும், மத்திய நீதித் துறையின் நேமஸ் தளத்தில் அந்த வழக்குப் பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே ஒப்பிட்டு விலக்கப்பட்டவர்களின் பட்டியலை முதலில் பாருங்கள். நீங்கள் நினைக்கும் பெயர் அங்கே இருந்தாலும், வலுவான புதுக் காரணம் இருந்தால் எழுதலாம். அரிசோனாவில் காங்கிரஸ் என்ற ஊருக்கு அருகே 1960-ல் கிடைத்த சிறுமிக்கு 2022 வரை 'லிட்டில் மிஸ் நோபடி' என்றுதான் பெயர். நியூ மெக்சிகோவில் கடத்தப்பட்ட நான்கு வயதுக் குழந்தை அவள். அந்தப் பெயரை 1960-லேயே பரிசீலித்து, ஒத்துவரவில்லை என்று தள்ளியிருந்தார்கள். எழுதும்போது வழக்கு எண்ணையும், பொருந்தும் காரணத்தையும், பொருந்தாத காரணத்தையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அனுப்ப வேண்டியது அந்த வழக்கை நடத்தும் அலுவலகத்துக்கு, குடும்பத்துக்கு அல்ல.

கண்டெடுத்தவர்கள் என்று அறிக்கையில் உங்கள் பெயர் வரும். பத்திரிகையில் வருமா என்பது உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

அந்த அக்கா. உங்கள் நண்பர் இனி அவருக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம், மன்னிப்புக் கடிதம் உட்பட. அவரே அழைத்தால் கரோனரின் வழக்கு எண்ணைச் சொல்லி, அங்கே பேசச் சொல்லலாம். காணாமல்போனதாக அவர் புகார் கொடுத்த காவல் நிலையம் வழியாகவே தன் மரபணு மாதிரியைக் கொடுக்கலாம். காணாமல்போனவரை அடையாளம் காண்பதைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மாதிரி எடுக்கும்போது இன்னொன்றையும் நிச்சயம் கேட்பார்கள்: தம்பி எந்தப் பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார்?