சொல்வதும் ஒரு வேலைதான்

கேள்வி: கணவர், நான் இருவருமே வேலைக்குப் போகிறோம். “என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்” என்பார். சொன்னால் செய்தும் விடுவார். ஆனாலும் என் களைப்பு குறையவில்லையே, ஏன்?

பதில்: ஒரு வேலையின் தேவையைக் கவனிப்பது, எப்போது எப்படி என்று முடிவெடுப்பது, செய்து முடிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. உங்கள் வீட்டில் கடைசிப் பகுதி மட்டுமே கைமாறியிருக்கிறது.

ஒரு வாரம் இருவரும் தனித்தனியாக, செய்ததையெல்லாம் நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பதும், குழந்தைக்குச் சின்னதாகிவிட்ட உடைகளைப் பிரித்தெடுப்பதும் அதில் வரட்டும். இப்படிக் கணக்குப் பார்ப்பது சின்னத்தனம் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, ஊதியமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைகளுக்கு உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள்.

அடுத்து, எவையெல்லாம் தள்ளிப்போட முடியாதவை என்று குறியுங்கள். காலைச் சமையல் காத்திருக்காது. குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவதும் அப்படித்தான். பல்பு மாற்றுவதோ விடுமுறை வரை காத்திருக்கும். காத்திருக்காதவை எல்லாம் ஒருவரிடமே இருந்தால், மொத்த நேரம் சமமாக வந்தாலும் கடிகாரத்தோடு ஓடுகிறவர் அவர்தான். ஆகவே இவற்றில் இரண்டையாவது முழுமையாகக் கணவரிடம் கொடுங்கள்.

“முடிந்தது” என்றால் என்ன என்பதை முன்பே பேசிவிடுங்கள். பாத்திரம் தேய்ப்பதென்றால் தொட்டியைக் கழுவி, அடுப்பைத் துடைப்பதும் சேர்த்தி. துணி என்றால் சோப்புத்தூள் தீருமுன் வாங்குவதில் தொடங்கி, மடித்து அலமாரியில் வைப்பது வரை. மெஷினிலேயே கிடந்து ஈரத்துணி வாடையடித்தால் அவரே மறுபடி துவைக்கட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீங்கள் திருத்தத் தொடங்கினால் வேலை உங்களிடமே திரும்பிவிடும். மருந்தின் அளவு, ஒவ்வாமை போன்றவற்றில் மட்டும் உடனே குறுக்கிடுங்கள்.

கேள்வி: 4 மாதக் குழந்தை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். தாய்ப்பால் கொடுப்பதால் இரவு முழுக்க நானே விழிக்கிறேன். கணவர் எதைப் பகிர முடியும்?

பதில்: குழந்தையைத் தூக்கி வருவது, டயப்பர் மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது, தூங்கவைப்பது எல்லாமே அவரால் முடியும். ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்தால் உங்களுக்குத் தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

பிழிந்த பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் 4 நாளும் தாங்கும். 60 முதல் 120 மில்லி வீதம் பிரித்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். மொத்தமாக வைத்தால் வீணாகும். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்கலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: சூடு ஒரே சீராகப் பரவாமல் குழந்தையின் வாய் வெந்துவிடும். குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

படுக்குமுன் ஒருமுறை பிழிந்துவிடுங்கள். இல்லையென்றால் பால் கட்டி வலிக்கும். அடிக்கடி அப்படி விட்டால் சுரப்பும் குறையும். பம்ப் பாகங்களைக் கழுவுவது கணவர் பொறுப்பு.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து எப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பதில்: முதல் எண்ணாக அப்பாவின் எண்ணைப் பதிந்துகொள்ளும்படி பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள். யார் போவது என்பதை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளலாம். மருத்துவரின் எண், குழந்தையின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியவை அவருடைய ஃபோனிலும் இருக்கட்டும்.