பீச்சில் ஆள் எண்ணுவதற்கு டாக்டர் பட்டமா?

அம்மா, உங்கள் பெண் 'ஓய்வுநேர ஆய்வு' என்ற துறையில் முனைவர் பட்டம் படிக்கும் பேச்சு வந்ததும், "பீச்சுக்கு வர்றவங்களை எண்றதுக்கு ஒரு டாக்டர் பட்டமா சார்?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். சிரித்துவிட்டேன், ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

உங்கள் பெண் போன வாரம் ஒரு நோட்டைக் காட்டினாள். நாலு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து குறித்தது. கூட்டமாக வந்த பெண்கள், தனியாக வந்த பெண்கள், இருட்டியதும் முதலில் எழுந்து போனவர்கள் என்று கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். தனியாக வந்தவர்கள் பத்தியில் மூன்றே கோடு! ஓய்வு யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு வாய்ப்பதில்லை என்பதுதான் இந்தத் துறையே. கேட்காமலே அதற்குள் போய்விட்டாள்.

சரி, விதிமுறைக்கு வருவோம். 'ஓய்வுநேர ஆய்வு' என்ற பெயரிலேயே துறை தேடி அலைய வேண்டாம். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவியல் துறை இருக்கிறது. அவள் முதுநிலை படித்ததும் அதுதானே. இந்தத் தலைப்புக்கு ஒத்துக்கொள்கிற நெறியாளர் அமைவதுதான் பெரிய விஷயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோரில் (ஓபிசி) வசதி மிகுந்த 'கிரீமி லேயர்' பிரிவில் வராதவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. கோர்ஸ் வொர்க் என்ற தொடக்கப் பாடங்களோடு சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, சாதாரணமாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும். நகையை அடகு வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

வெளிநாடு என்றால் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 'பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுநேர ஆய்வு' என்ற பெயரில் முனைவர் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கிளெம்சனில் பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், என்ன ஆராயப்போகிறேன் என்ற கட்டுரை எல்லாம் கேட்பார்கள். சேர்ந்தபின் பாடங்கள், ஒரு பெரிய தகுதித் தேர்வு, அப்புறம்தான் ஆய்வேடு. உதவித்தொகை இல்லாமல் வெறும் சீட் மட்டும் கொடுத்தால் வேண்டாம் என்பேன்.

எனக்கு இருக்கிற ஒரே கவலை புள்ளியியல். பிளஸ் டூவோடு கணக்கைக் கைகழுவிவிட்டாளாம். எங்கே போனாலும் இதில் தப்ப முடியாது. இன்றே தொடங்கினால் ஆறு மாதத்தில் பயம் தெளியும்.

அந்த மூன்று கோடு ஏன் மூன்றோடு நின்றது என்று ஒரு பக்கம் எழுதி, அடுத்த சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லுங்கள். நோட்டை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.