நெல் தோகை கீறிய கண்ணும் நன்கொடைப் பணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நெல் அறுக்கும்போது தோகை கீறி, பூஞ்சைப் புண் வந்து, எங்கள் அப்பாவுக்கு வலது கண் பார்வை போய்விட்டது. அவர் நினைவாகக் கண் ஆராய்ச்சிக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்க நினைக்கிறோம். ஒரு கருவி வாங்கிக் கொடுத்து அதில் அவர் பெயரைப் பொறிக்கலாமா?
– வாசகி, சின்னமனூர்

கருவி வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. பெரிய கருவியில் பங்கு கொடுத்தால், அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற பிரச்சினை இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்து நிற்கும். ஆராய்ச்சியில் பணம் தட்டுப்பாடாக இருக்கும் இடம் வேறு.

உங்கள் அப்பாவுக்கு வந்த பூஞ்சைக் கருவிழிப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். பழைய மருந்தான 5% நேட்டமைசின் சொட்டு நல்லதா, புதிதாக வந்த 1% வோரிகோனசோல் நல்லதா? அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டன. பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. மூன்றாம் மாதம் பார்த்தபோது, நேட்டமைசின் போட்டவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக ஏறக்குறைய 2 வரி கூடுதலாகப் படித்தார்கள். வயல்காட்டுக் காயங்களில் அடிக்கடி வரும் ஃபியூசேரியம் பூஞ்சை என்றால் வித்தியாசம் 4 வரி. பழைய மருந்தே போதும் என்று நிரூபிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுப் பணமும் அறப்பணமும்தான் இதற்கு வழி. இந்தச் சோதனைக்குப் பெரும்பணம் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனத்திலிருந்து வந்தது.

அந்த ‘மூன்றாம் மாதம்’ என்பதைக் கவனியுங்கள். மருந்து போட்டவர் திரும்பி வந்து பலகையைப் படித்தால்தான் ஆராய்ச்சி. அறுவடைக் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர் வராமல் போகிறார். ஒரு பிரிவுக்கு 160 பேருடைய முடிவு தேவை, ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்றால், தொடக்கத்திலேயே 200 பேரைச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கையை இப்படி ஈடுகட்டலாம். ஆனால் கோணல் போகாது. குணமானவர் ‘இனி எதற்கு’ என்று நின்றுவிடுவார், மோசமானவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். மிஞ்சியவர்களை வைத்து எழுதும் முடிவு தப்பாகப் போகும்.

ஆகவே, ‘மறுபரிசோதனைப் பயணப்படிக்கும் ஈடுகட்டும் கூலிக்கும்’ என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வருகைக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்தில் 400 வருகைகள். ஆளுக்கு நான்கு முறை என்றால் 100 நோயாளிகள். வைப்புநிதியாகப் போட்டு வட்டியில் நடத்தச் சொன்னால், 7% வட்டிக்கு ஆண்டுக்கு 14,000 ரூபாய்தான் வரும். அதில் 28 வருகைகளுக்கு மேல் முடியாது. செலவழித்துத் தீர்க்கச் சொல்வதே நல்லது.

கொடுக்கும் முன் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: ஆய்வு நோயாளிகளுக்குத் தீங்கில்லாமல் நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு நடந்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அங்கே எழுதியிருப்பார்கள். முடிவு பிடிக்காவிட்டால் அளவுகோலை மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு அது கடிவாளம்.

கேள்வி: நோயைத் தடுக்கும் ஆராய்ச்சி என்று தனியாக ஒன்று உண்டா? அது அரசு சுகாதாரத் துறையின் வேலை இல்லையா?
– வாசகர், மணப்பாறை

உங்கள் திருச்சி மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 15,419 சிறு குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். வைட்டமின் பெற்ற குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கும் கீழே போனது. முடிவு 1990-இல் வெளிவந்தது. கண்ணைக் காக்கும் சத்து என்று மட்டும் கருதப்பட்டது உயிரையும் காத்தது. இதை வீடுவீடாகப் போய்க் கொடுத்துக் கணக்கு வைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

கருவிழிக் கீறலிலும் இப்படித்தான். நேபாளத்தின் பக்தபூரில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமப் பணியாளர்கள் 1% குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர் எவருக்கும் புண் வரவில்லை. மதுரைப் பக்கக் கிராமங்களிலும் இதே வகை முயற்சி நல்ல பலன் தந்தது. ஆனால் பின்னர் நேபாளத்தில், களிம்பு தரும் ஊர்களையும் தராத ஊர்களையும் குலுக்கல் முறையில் பிரித்துப் பெரிய அளவில் ஒப்பிட்டபோது, மொத்தப் புண்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வுக்குச் செலவான பணம் வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒப்பிட ஆளில்லாத ஆய்வில் ‘புண் வரவில்லை’ என்பதற்கு எவ்வளவு எடை போடலாம் என்பதை அதுதான் காட்டியது.

வயலில் கண்ணில் அடிபட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள்; கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீர்கள். பூஞ்சை இருந்தால் ஸ்டீராய்டு அதற்குத் தீனி. அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வரிக்கழிவு எவ்வளவு? சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தம்பியும் பங்கு போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, சாதாரண அறக்கட்டளைக்குத் தந்தால் 80ஜி பிரிவில் பெரும்பாலும் பாதித் தொகை வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து கழியும். அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தந்தால் 80ஜிஜிஏ பிரிவில் முழுத் தொகையும் கழியும். ஆனால் வியாபார வருமானம் உள்ளவருக்கு அது பொருந்தாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இரண்டுமே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு போய்விடும். ரசீது மட்டும் போதாது. பான் எண்ணைக் கொடுத்து, நன்கொடைச் சான்றிதழான படிவம் 10பிஇ கேட்டு வாங்குங்கள். இதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தம்பி வெளிநாட்டுக் குடிமகன். அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. நிறுவனம் எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். ‘உன் கணக்குக்கு அனுப்புகிறேன், நீ சேர்த்துக் கொடு’ என்பது வேண்டவே வேண்டாம், மாட்டிக்கொள்வது நிறுவனம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி: பணம் இல்லை. கண்ணை ஆராய்ச்சிக்குத் தரலாமா?
– வாசகி, சிவகாசி

தரலாம். மாற்று அறுவைக்கு உதவாத கருவிழியும், விழித்திரை போன்ற உள்பகுதிகளும் ஆராய்ச்சிக்குப் பயன்படும். ஒப்புதல் தருகையில் ‘ஆராய்ச்சிக்கும் சம்மதம்’ என்பதைக் குடும்பத்தார் தெளிவாகச் சொல்ல வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். விழித்திரை அதைவிட வேகமாகக் கெடுவதால், ஆராய்ச்சிக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலையை ஒரு தலையணை அளவுக்கு உயர்த்தி வையுங்கள். கண்புரை அறுவை செய்தவரும் சர்க்கரை நோயாளியும் தரலாம். கண் வங்கியினர் வீட்டுக்கே வருவார்கள். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்.