உட்பக்கம் தேயும் டயரும் அட்ஜஸ்டபிள் பால் ஜாயிண்ட்டும்

கேள்வி: ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்திய பிறகு, முன் டயர்கள் உட்பக்கமாகத் தேய்கின்றன. இந்த வண்டியில் கேம்பரை (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணத்தை) திருத்த வழியில்லை, அட்ஜஸ்டபிள் பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷன் ஆர்முடன் சேர்க்கும், இடம் நகர்த்தக்கூடிய குண்டு மூட்டு) போடுங்கள் என்கிறார் அலைன்மென்ட் பார்ப்பவர். போடலாமா?

பதில்: முதலில் டயரின் குறுக்கே கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் நெருடினால் காரணம் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடிலேயே அதைத் திருத்திவிடலாம். நெருடல் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால்தான் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் இடது, வலது அளவுகளை ஒப்பிடுங்கள். தாழ்த்தியதால் வந்த மாற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமென்றால் வளைந்த நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பகுதி), நைந்த புஷ் (ஆர்மின் ரப்பர் உறை), ஆடும் வீல் பேரிங் இவற்றைத் தேடுங்கள். அந்தக் கோளாறை வைத்துக்கொண்டு புது ஜாயிண்ட் போடுவது வீண் செலவு.

வண்டியின் அமைப்பையும் பாருங்கள். மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போனில், மேல் ஜாயிண்ட்டை வெளியே தள்ளினால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது) குறையும். உங்களுக்கு வேண்டியது இதுதான். மேல் ஆர்முக்குப் பதிலாக ஸ்ட்ரட் என்ற ஷாக் அப்சார்பர் தூண் நிற்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் மேல் பால் ஜாயிண்ட்டே கிடையாது. அங்கே கீழ் ஜாயிண்ட்டை வெளியே தள்ளினால் நெகட்டிவ் இன்னும் கூடும், டயர் இன்னும் சீக்கிரம் போகும். அந்த வண்டிகளில் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட முடிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

கேள்வி: எவ்வளவு நகர்த்தினால் 1 டிகிரி மாறும்?

பதில்: மேல், கீழ் ஜாயிண்ட்களுக்கு இடையே 250 மி.மீ. இருந்தால் சுமார் 4.4 மி.மீ.; 300 மி.மீ. இருந்தால் சுமார் 5.2 மி.மீ.

கேள்வி: டபுள் விஷ்போன் வண்டியில் நானே மாட்டலாமா?

பதில்: டார்க் ரென்ச்சும் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) பால் ஜாயிண்ட் புல்லரும் இருந்தால் மாட்டலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திய பின், கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங் கீழ் ஆர்மைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஜாக்கி இல்லாமல் மேல் ஜாயிண்ட்டைப் பிரித்தால் ஆர்ம் வேகமாக இறங்கி ஆளை அடிக்கும். வேலை முடியும்வரை அந்த ஜாக்கியை எடுக்காதீர்கள். பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் வயரிலும் நக்கிளின் பாரம் தொங்கக் கூடாது. கம்பியால் கட்டி வையுங்கள்.

புது ஜாயிண்ட்டின் டேப்பரும் (ஸ்டட் என்ற தண்டின் கூம்பான பகுதி) நக்கிளின் துளையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவுவது பலர் செய்யும் தவறு. அந்தப் பிடிப்பு உலோகம் உலோகத்தைக் கவ்வுவதால் வருவது. கிரீஸ் இருந்தால் நட்டை முறுக்கும்போது ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். சொன்ன டார்க்கில் முறுக்கியும் ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) துளை நேராக வரவில்லையா? நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பின் புதிதாக இருக்கட்டும். கன்ட்ரோல் ஆர்மின் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

கேள்வி: அலைன்மென்ட்டை எந்த வரிசையில் செய்வது?

பதில்: டயர் காற்றைச் சரிபார்த்த பின் காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), அடுத்து கேம்பர், கடைசியில் டோ. நக்கிள் சாயும்போது டை ராட் முனையும் நகர்வதால், கேம்பரைத் தொட்டாலே டோ மாறிவிடும். எடை இறங்கிய நிலையில் ஜாயிண்ட் நகராது. தூக்கி, தளர்த்தி, நகர்த்தி, ஜாயிண்ட்டை அந்த இடத்திலேயே பிடித்து வைக்கும் லாக் போல்ட்டை இறுக்கி இறக்குங்கள். வண்டியை முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அளவெடுங்கள்.

கேள்வி: மாட்டிய சில நாளில் திருப்பத்தில் 'டக்' என்று சத்தம் வருகிறது.

பதில்: வண்டியை ஓட்டாதீர்கள். ஒன்று, லாக் போல்ட் நழுவுகிறது. அல்லது டேப்பர் சரியாக உட்காரவில்லை. லாக் போல்ட்டின் மேல் பெயின்டால் கோடு போட்டிருந்தால் நழுவல் உடனே தெரியும். நட் முழுவதும் இறுகியும் ஸ்டட் துளைக்குள் ஆடினால், அது உங்கள் நக்கிளுக்கான டேப்பர் அல்ல. வாஷர் வைத்துச் சமாளிக்காமல் ஜாயிண்ட்டையே மாற்றுங்கள்.