தண்ணி அதிகமா குடிச்சா என்ன ஆகும்? நர்ஸ் அக்கா பதில்கள்

மெடிக்கல் வார்டுல 14 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்.

கேள்வி: அக்கா, காலைல வெறும் வயித்துல ரெண்டு லிட்டர் ஒரே மூச்சுல குடிக்கிறேன், உடம்பு அழுக்கு போகும்னாங்க, சரியா?

பதில்: வேணாம் தம்பி. அழுக்க எடுக்குற வேலைய கிட்னி தானாவே பாத்துக்கும். நல்ல கிட்னியே மணிக்கு சுமாரா ஒரு லிட்டர்தான் வெளிய தள்ளும், அதுக்கு மேல ஊத்துனா ரத்தத்துல சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்துப்போயிடும், 135ல இருந்து 145க்குள்ள இருக்கணும், அது சட்டுனு இறங்குனா தண்ணி செல்லுக்குள்ள பூந்து வீங்கும், கை கால் வீங்குனா கூட தாங்கிக்கலாம், மூளை வீங்குனா மண்டையோட்டுக்குள்ள ஏது இடம்? தலைவலி, வாந்தி, அப்புறம் ஃபிட்ஸ்.

கேள்வி: முதல்முறை மாரத்தான் ஓடுறேன். ஒவ்வொரு ஸ்டால்லயும் குடிக்கணுமா?

பதில்: தாகம் எடுத்தா மட்டும் குடிங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, 13 சதவீதம் பேருக்கு சோடியம் கம்மி. ஓடும்போதே குடிச்சுக் குடிச்சு வெயிட் ஏறினவங்கதான் அதிகம் மாட்டுனாங்க. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்னாலும் அதே கதைதான், அதுல கிட்டத்தட்ட எல்லாமே தண்ணிதான்.

கேள்வி: 4 மாசக் குழந்தைக்கு வெயிலுக்குத் தண்ணி குடுக்கலாமா?

பதில்: கூடாதும்மா. 6 மாசம் முடியுற வரைக்கும் தாய்ப்பால் போதும். பவுடர் பால்னா டப்பால போட்ட அளவு தண்ணிதான்.

கேள்வி: சிஸ்டர், மாமியாருக்கு 72 வயசு, பிபி மாத்திரை போடுறாங்க. வெயில்னு தண்ணி நிறைய குடுத்தோம், உப்பையும் குறைச்சோம். ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசுறாங்க, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்.

பதில்: உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ஸ்ட்ரோக்கானு பாப்பாங்க, சோடியமும் பாக்கச் சொல்லுங்க. சில பிபி மாத்திரை யூரின்ல உப்ப வெளியேத்தும், அதோட தண்ணியும் சேந்தா இப்படி ஆகும். எங்க வார்டுக்கு ஒரு பாட்டி சோடியம் 112ல வந்தாங்க, மகளையே அம்மானு கூப்பிட்டு, போர்வை ஓரத்தக் கிள்ளிக் கிள்ளி பூ கட்டிட்டிருந்தாங்க, நாலு நாள்ல தெளிஞ்சுட்டாங்க. வீட்டுல உப்புத் தண்ணி குடுத்து ஏத்தப் பாக்காதீங்க, வேகமா ஏறினாலும் மூளைக்கு ஆபத்து.

கேள்வி: சிஸ்டர், மாமியாருக்கு சோடியம் 118னு சொன்னாங்க, அட்மிட் பண்ணிட்டாங்க.

பதில்: நல்லவேளை போனீங்க. மாத்திரை அட்டை எல்லாத்தையும் டூட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க. பக்கத்துல இருக்குறவங்க பாவம்னு ஒரு டம்ளர் கூட எக்ஸ்ட்ரா குடுக்காதீங்க, டாக்டர் சொல்ற அளவு மட்டும்தான்.