காளைத் தலைக் கொப்பரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் அங்காராவில் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். முக்காலி மேல் ஒரு வெண்கலக் கொப்பரை, விளிம்போரம் நான்கு காளைத் தலைகள். உரார்த்து (கிழக்குத் துருக்கிப் பக்கம் இருந்த பழைய அரசு) நாட்டுப் பொருள் என்று போட்டிருந்தது. ஊருக்கு வந்து இணையத்தில் தேடினால், கழுகு மூக்கும் நீண்ட காதுமாகத் தலைகள் வைத்த கொப்பரைகளையும் உரார்த்து என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? அதில் சமைத்தார்களா? தலைகள் கைப்பிடிகளா?

ர., கோவை

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்தது 1938இல் துருக்கியில் எர்சின்ஜான் பக்கம் அல்தின்தெபேயில் கிடைத்தது. முக்காலியின் பாதங்களைக் கவனித்தீர்களா? அவையும் காளைக் குளம்புகள்தான். பலரும் தலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தலைக்குக் கீழே பார்க்க வேண்டும். கொப்பரை, தகட்டை அடித்து அடித்து எழுப்பியது. தலைகள் தனியே வார்த்து, பட்டை வைத்து ரிவிட் அடித்துப் பொருத்தியவை. நிறைகொப்பரையின் பாரத்தை அந்தச் சில ரிவிட் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அழகுக்கும் மரியாதைக்கும் வைத்த தலைகள் அவை.

சமையலா என்றால், இல்லை; அதற்கு எதிரியே சாட்சி. கி.மு. 714இல் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் முசாசிர் என்ற ஊரில், உரார்த்துவின் தலைமைத் தெய்வமான ஹல்தியின் கோயிலைக் கொள்ளையடித்தான். எடுத்ததையெல்லாம் தன் தெய்வம் அசூருக்குக் கடிதமாக எழுதிவைத்தான். களிமண் பலகையில் எழுதிய அந்தக் கடிதம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 80 அளவை தண்ணீர் கொள்ளும் பெரிய வெண்கலத் தொட்டி ஒன்று அதில் வருகிறது. ஹல்திக்குப் படைப்பதற்காக உரார்த்து மன்னர்கள் அதில் திராட்சை மது நிரப்புவார்களாம். கொள்ளைக்காரன் போட்ட கணக்கு என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை! அதே கோயிலைக் காட்டும் கோர்சாபாத் (சர்கோனின் அரண்மனை இருந்த இடம்) சிற்பத்திலும் வாசலில் இரண்டு பெரிய கொப்பரைகள் நிற்கின்றன. சிற்பம் தொலைந்துவிட்டது, பிரெஞ்சு ஓவியர் ஃப்ளாந்தேன் வரைந்த படம்தான் மிச்சம்.

காளை, இடிமழைத் தெய்வம் தேய்ஷெபாவின் வாகனம். அதனால் கொப்பரைக் காளையும் அவருடையதே என்று சட்டென்று எழுதிவிடுகிறார்கள். முசாசிர் கோயில் ஹல்தியுடையது, ஹல்தியின் வாகனமோ சிங்கம். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன்.

சரி, கழுகு மூக்குக்காரர்களுக்கு வருவோம். அவை கிரிஃபின்கள், அதாவது கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்குகள். ஒலிம்பியா, சாமோஸ் போன்ற கிரேக்கக் கோயில்களில் குவியலாகக் கிடைத்தவை. உரார்த்து மண்ணைத் தோண்டி எடுத்ததாக ஒன்றுகூட இல்லை. அகழாய்வில் வராமல் சந்தை வழியாக வந்த பொருளுக்கு, விற்றவர் சொன்னதுதான் ஊர். இணையப் படங்களில் பல அந்த வகை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸும் ஒரு கிரிஃபின் கலத்தைச் சொல்கிறார். ஸ்பெயின் பக்கம் இருந்த தார்த்தெசோஸ் வரை போய்க் கொழுத்த லாபத்துடன் திரும்பிய சாமோஸ் வணிகர்கள், அதில் பத்தில் ஒரு பங்கான ஆறு தாலந்தில் (தாலந்து என்பது பழைய நிறை, பண அளவு) வெண்கலக் கலம் செய்து, தங்கள் ஊரில் ஹீரா என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குக் கொடுத்தார்கள். விளிம்பைச் சுற்றிக் கிரிஃபின் தலைகள். அதைத் தாங்கியவை, மண்டியிட்டிருந்த மூன்று வெண்கல மனிதர்கள், ஒவ்வொருவரும் ஏழு முழம்.