குட்டிப் பசங்களுக்கு மேப் வரையச் சொல்லித் தர்றது: கேளுங்க, சொல்றேன்

சின்ன வகுப்புகளுக்கு எடுக்கற டீச்சர் நான். வீடு, தெரு, ஸ்கூல்னு பிள்ளைக்குப் பழகின இடத்த வரைய வைக்கறது பத்தி மட்டும் கேளுங்க, அட்லஸ் சமாச்சாரம் வேணாம்.

கேள்வி: மேடம், பொண்ணுக்கு அஞ்சு வயசு. வீட்டு மேப் போடுன்னா கூரை, கதவு, மேல ஒரு சூரியன்னு வரையறா. எங்க ஆரம்பிக்கறது?

பதில்: வீட்டுல ஆரம்பிக்காதீங்க, மேசையில ஆரம்பிங்க. ஒரு பெரிய தாள விரிச்சு அதுமேல டம்ளர், புக்கு, பென்சில் டப்பா மூணையும் வைங்க. மேலருந்து பாத்தா டம்ளர் எப்படித் தெரியும்னு முதல்ல கேளுங்க, நிச்சயமா பக்கவாட்டுல தெரியற மாதிரிதான் வரைவா. அப்புறம் நாற்காலி மேல ஏத்தி, நீங்க பிடிச்சுக்கிட்டு, நேரா குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. வெறும் வட்டம்! அந்த ஆச்சரியத்துக்குத்தான் இவ்வளவு பாடும். பிறகு மூணையும் சுத்தி பென்சிலால கோடு இழுத்துட்டு பொருள எடுத்துடுங்க, தாள்ல மிச்சம் நிக்கறதுதான் மேப். இப்ப அந்தக் கோட்டப் பாத்து எது எங்க இருந்துச்சோ அங்க திருப்பி வைக்கச் சொல்லுங்க. இது கைவந்தா அடுத்து ரூம், ரூமுக்கு அப்புறம் வீடு. ரூம்ல ஃபேன் வரும்போது போடணுமா வேணாமான்னு அவளே யோசிக்கட்டும், எத விடறதுன்னு முடிவு பண்றதுதான் மேப்ல பாதி வேலை. அப்புறம் ஒண்ணு, ரப்பர ஒளிச்சு வைங்க.

கேள்வி: பையனுக்கு ரெண்டரை வயசு. இப்பவே ஆரம்பிச்சா நல்லதா?

பதில்: வேணாம். 1987ல ஜூடி டிலோச்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு ரூமுக்கு குட்டி மாடல் செஞ்சு, அதுல ஒரு குட்டி பொம்மைய ஒளிச்சு வச்சாங்க, பெரிய பொம்மை நிஜ ரூம்ல அதே இடத்துல இருக்கு கண்டுபிடின்னாங்க. மூணு வயசுப் பிள்ளைங்க பெரும்பாலும் நேரா போய் எடுத்துச்சுங்க, ரெண்டரை வயசு முழிச்சுதுங்க. மாடல்ல எங்க ஒளிச்சாங்கன்னு நல்லா ஞாபகம் இருந்துச்சு, ஆனா இது அதோட அடையாளம்னு பிடிபடல. ஆறு மாசம் பொறுங்க.

கேள்வி: தெருவ வரைஞ்சான், ரெண்டு பக்க வீடும் ரோட்டுக்கு வெளிப்பக்கமா மல்லாந்து கிடக்கு. திருத்தலாமா?

பதில்: திருத்தாதீங்க! ரோட்ட மேலருந்தும் வீட்ட முன்னாலருந்தும் பாத்து ரெண்டையும் ஒரே தாள்ல போட்டிருக்கான், இந்த வயசுல ரொம்ப சகஜம். பறக்கற காக்காவுக்கு இந்தக் கதவு தெரியுமான்னு மட்டும் கேட்டு விட்டுடுங்க. நீங்க ரப்பரால ஒரு வீட்ட அழிச்சீங்கன்னா அடுத்த மேப்ப உங்களுக்காகத்தான் வரைவான்.

கேள்வி: பையன் போட்ட மேப்ல நாய் ஸ்கூல விடப் பெருசா இருக்கே?

பதில்: அவனுக்கு அதுதான் முக்கியம். காலடி எண்ணி அளந்து வரையறதெல்லாம் ஏழு, எட்டு வயசுல.

கேள்வி: வடக்க மேல போட இப்பவே பழக்கணும்ல?

பதில்: வேணாம். அப்படி இயற்கை விதி ஒண்ணும் கிடையாது, 1154ல அல் இத்ரிசிங்கற அரபு புவியியல் அறிஞர் போட்ட உலக மேப்ல தெற்குதான் மேல இருக்கு. பிள்ளை வாசல்ல நின்னு எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் மேல.

கேள்வி: மேடம், நான் சர்வே வேலைல இருக்கேன். இத ஒத்துக்க முடியாது. ஆளாளுக்கு ஒரு பக்கத்த மேல வச்சா அது மேப்பா?

பதில்: சார், உங்க மேப்ப அந்த இடத்தப் பாக்காதவங்களும் படிக்கணும், அதனால பொது வழக்கம் வேணும். இந்தப் பிள்ளை வரையறது தானே நடந்து போக. தாளும் தெருவும் ஒரே பக்கம் பாத்தா சரியா திரும்பும், தலைகீழா இருந்தா வலதுக்குப் பதில் இடது போயிடும். பெரியவங்களே மேப்ப கையில திருப்பித் திருப்பித்தானே பாக்கறோம்?

கேள்வி: (அதே சர்வே சார்) அப்போ ரெண்டு பிள்ளைங்க ஒரே தெருவ எதிரெதிரா வரைஞ்சா எப்படி சேர்த்துப் பாப்பீங்க?

பதில்: இது நல்ல கேள்வி. அந்தச் சண்டை வர்ற அன்னைக்குத்தான் வடக்கு அம்புக்குறிய சொல்லித் தரணும், அதுக்கு முன்னாடி சொன்னா மனப்பாடம் ஆயிடும். காலையில சூரியன் வர்ற பக்கத்த ரெண்டு பேரும் தாள்ல குறிக்கட்டும், பிறகு தாள சுத்திப் பொருத்தட்டும். அம்பு எதுக்குன்னு நீங்க சொல்லவே வேணாம்.

கேள்வி: மகளுக்கு ரெண்டு வயசு எட்டு மாசம், ஆரம்பிக்கலாமா?

பதில்: மேல சொல்லியாச்சு.

கேள்வி: மரம், ரோடுக்கெல்லாம் அடையாளம் நாமளே குடுத்துடலாமா?

பதில்: அதுங்களே கண்டுபிடிக்கட்டும். மேப்ல ரோடு சிவப்பா இருந்தா நிஜ ரோடும் சிவப்புன்னு நம்பற வயசு இது.

கேள்வி: அழிச்சு அழிச்சு தாளே கிழியுது மேடம்.

பதில்: ரப்பர்! எத்தனை தடவ சொல்றது?

கேள்வி: வடக்கு விஷயத்துல சார் சொல்றதுதான் சரின்னு...

பதில்: முடிஞ்சுபோச்சுங்க. அடுத்தது.

கேள்வி: சரியா வரைஞ்சிருக்கான்னு எப்படி மார்க் போடறது?

பதில்: போடாதீங்க. ரூம்ல ஒரு பொருள ஒளிச்சு, மேப்ல அந்த இடத்துல புள்ளி வச்சு இன்னொரு பிள்ளை கையில குடுங்க. தேடற பிள்ளை எங்க தடுமாறுதுன்னு வரைஞ்ச பிள்ளை பக்கத்துல நின்னு பாக்கட்டும், வாய மட்டும் திறக்கக் கூடாது. அடுத்த தடவ அந்த இடத்துல என்ன சேர்க்கணும்னு அதுக்கே தெரிஞ்சுடும்.